அசிட்டுக்குப் பதில் ஓர் உப்பு

அந்தத் தொட்டி என் வளவுக்குள் வந்த நாளில் நான் வாய் திறக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை.

கல்முனையை அடுத்த எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும். எனக்கும் அப்படித்தான். உம்மா தந்த வீடு. அதன் பின்னால் கடற்கரை வீதி வரை நீளும் மணல் வளவு. என் கணவர் கட்டாரில் ஓர் உலோகத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்தபோது, "பின்னுக்கு ஒரு கொட்டில் போட்டா ஸ்டெயின்லெஸ் வேலை செய்யலாம் புள்ள" என்றார். போடுங்கள் என்றேன். கேட், படிக்கட்டுக் கைபிடி, கடைக் கண்ணாடிச் சட்டம் என்று வேலை வரத் தொடங்கியது. நான் அப்போது பக்கத்துப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதுதான் என் வேலை.

தொட்டி வருவதற்குக் காரணம் அறுகம்பே. அங்கே கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு விடுதிக்குக் கணவர் கைபிடி செய்து பூட்டியிருந்தார். ஆறு மாதம் போகவில்லை, கம்பி முழுக்கத் தேத்தண்ணி ஊற்றினதுபோல மண்ணிறக் கறை. விடுதிக்காரர் கூப்பிட்டுக் காட்டினார். "ஸ்டெயின்லெஸ் எண்டு சொல்லித்தானே தந்த நீங்க?" என்று மட்டும் கேட்டாராம். கணவர் வெட்கப்பட்டுத் திரும்பி வந்தார். கம்பியைச் சக்கரத்தில் பிடித்து எவ்வளவு தேய்த்துப் பளபளப்பாக்கினாலும், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் அதில் இருக்கும். கடற்காற்றின் உப்பு அந்தக் கீறல்களில் போய்த் தங்கும். கீறலே இல்லாமல் செய்ய அவர் கட்டாரில் பார்த்திருந்த வழி ஒன்று இருந்தது. பொருளை அமிலத்துக்குள் தொங்கவிட்டு மின்சாரத்தின் நேர்முனையை அதற்குக் கொடுக்க வேண்டும். மேற்பரப்பில் துருத்திக்கொண்டிருக்கும் நுண்ணிய மேடுகள் முதலில் கரையும். மேடும் பள்ளமும் ஒன்றாகும். பட்டறையில் அதற்குக் 'கரண்ட் பொலிஷ்' என்று பெயர் வைத்தார்கள்.

லொறியில் இருந்து கேன்களை இறக்கும்போது நான் குசினி வாசலில் நின்றேன். சல்பூரிக் அமிலமும் பொஸ்போரிக் அமிலமும். இரண்டையும் கலந்து, குளிக்க முடியாத அளவு சூடான நீரைவிடவும் அதிகமாகச் சூடாக்கப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பாடசாலை ஆய்கூடத்தில் ஒரு சிறு போத்தல் அமிலத்தை அலுமாரியில் பூட்டி, சாவியை என் கைப்பையில் வைத்திருப்பவள் நான். பிள்ளைகள் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சோதனைக் குழாயைத் தொட்டால் வகுப்பை விட்டு வெளியே அனுப்புவேன். என் வளவில் நாலடி நீளத் தொட்டி நிறைய அதை ஊற்றினார்கள். நான் குசினிக்குள் போய்ச் சோற்றை வடித்தேன்.

ஏன் கதைக்கவில்லை என்று பிறகு பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அவர் ஒன்பது வருடம் பார்த்த வேலை, எனக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். வேலையாட்களுக்கு முன்னால் பெண்சாதி வகுப்பெடுத்தால் அவருக்கு மானக்கேடு என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்வோம் என்றும் நினைத்தேன். மூன்றும் அன்றைய நாளைக் கடத்தப் போதுமாக இருந்தன. பிறகு ஒவ்வொரு நாளும் அப்படியே கடந்தது. கொட்டிலின் பக்கமாக நின்ற தேசி மரத்தில் அந்தப் பக்கத்து இலைகள் மட்டும் கருகின. அதையும் பார்த்தேன்.

தொட்டி வேலையைச் செய்தவர் வினாயகபுரத்துக்காரர். என்னைவிட வயதில் மூத்தவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். அவருடைய ஆட்கள் எல்லோரும் கடற்றொழில். அவருக்கு மட்டும் கடலில் தலை சுற்றும். அதைச் சொல்லி அவரே சிரிப்பார். கணவரும் அவரும் கட்டாரில் ஓர் அறையில் படுத்து எழும்பியவர்கள். ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் அழைப்பார்கள். காலையில் முதல் பஸ்ஸில் திருக்கோவில், அக்கரைப்பற்று என்று தாண்டி வந்து, பின்னேரம் திரும்பிப் போவார். பொருள் எப்போது தயார் என்பதை அவர் மணிக்கூட்டைப் பார்த்து அறிவதில்லை. தொட்டியில் குமிழி எழும்பும் விதத்தைப் பார்த்து அறிவார்.

கண்ணாடி வாங்கி வைத்திருந்தார்கள். அது ஆணியில் தொங்கும்.

"மச்சான், கண்ணாடியப் போடு" என்று கணவர் சொல்வது எனக்குக் குசினியில் கேட்கும்.

"வேர்வையில ஒண்டும் தெரியுதில்ல மச்சான். தெரியாமத் தூக்கினாத்தான் ஆபத்து" என்பார் அண்ணன்.

அது நடந்தது பாடசாலை விடுமுறையில், ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிபோல. கைபிடியைத் தரையில் பூட்டும் தட்டு ஒன்றை அண்ணன் தொட்டியில் இருந்து தூக்கியிருக்கிறார். அதைத் தாங்கிய செம்புக் கொளுக்கியை அமிலம் நாளுக்கு நாள் தின்று நூலாக்கியிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. கொளுக்கி அறுந்து தட்டு மீண்டும் தொட்டிக்குள் விழுந்தது. சூடான அமிலம் எழும்பி அவர் முகத்தில் அடித்தது.

நான் கேட்டது அலறலை அல்ல. "மச்சான், மச்சான்" என்று இரண்டு தரம், மிகவும் தணிந்த குரலில். ஓடினேன். அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

விழுந்த தட்டு இரண்டு முனைகளையும் தொடுத்துவிட்டதால் மெயின் சுவிட்ச் விழுந்திருந்தது. பம்ப் ஓடவில்லை, பைப்பில் தண்ணீர் வரவில்லை. நல்லகாலம் கிணறு பக்கத்தில். கணவர் அவரைக் கிணற்றுக் கட்டில் சாய்த்துத் தலையைப் பிடித்தார். நான் வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினேன். இமைகளை விரல்களால் விரித்துப் பிடிக்கும்படி கணவரிடம் கத்தினேன். அவர் விரல்கள் ஈரத்தில் வழுக்கின. நான் பிடித்து விரித்தேன். ஓர் அந்நிய ஆணின் முகத்தை நான் அப்படித் தொட்டது என் வாழ்க்கையில் அது ஒரு தரம்தான்.

அதற்குள் அயல் சனம் கூடிவிட்டது. யாரோ ஓட்டோ கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள்.

"ஏத்துங்க, ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்க! என்ன கா நிண்டு தண்ணி வாக்கிறீங்க?" என்றார் பக்கத்து வீட்டு மாமி.

"இன்னும் கழுவோணும் மாமி."

"ஆள் துடிக்கிறான், இவ கழுவோணும் எண்டு நிக்கிறா!"

கணவரும் என்னைப் பார்த்தார். "போவமா புள்ள?" என்று கேட்டார். அவர் கண்கள் கெஞ்சின.

"இப்ப ஏத்தினா போற வழி முழுக்க அது தின்னும். இருவது நிமிசம் கழுவணும். அதுக்குப் பிறகு ஏத்துங்க" என்றேன். கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைக் கழற்றிக் கிணற்றுக் கட்டில் வைத்துப் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். அந்த இருபது நிமிடமும் ஓட்டோவின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கூடி நின்றவர்கள் என்னை ஏசினார்கள். அண்ணன் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கல்முனை ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தார்கள்; அங்கிருந்து கண் வைத்தியரிடம் மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். இடது கண் போய்விட்டது. வலது கண் தப்பியது. கன்னத்தில் இருந்து கழுத்து வரை தோல் சுருங்கிய தழும்பு. கண் வைத்தியர் எங்களைக் கூப்பிட்டு, "தண்ணி வாத்தது ஆர்?" என்று கேட்டார். நான் என்றேன். "நீங்க அப்பிடிச் செய்யாட்டி ரெண்டு கண்ணும் போயிருக்கும்" என்றார். அதை ஒரு பாராட்டாக ஏற்க என்னால் முடியவில்லை. தொட்டி இல்லாவிட்டால் ஒரு கண்ணும் போயிருக்காது என்பது எனக்குத்தானே தெரியும்.

அண்ணன் வீட்டுக்குத் திரும்பிய பிறகு நானும் கணவரும் வினாயகபுரம் போனோம். அவர் உள்ளே படுத்திருந்தார். கணவர் அவர் பக்கத்தில் போய் இருந்தார். அண்ணனின் மனைவி முற்றத்தில் எனக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தா. நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டா.

"டீச்சர், ஒண்டு கேக்கிறன். வாசல்ல ஓட்டோ நிக்கக்குள்ள ஏன் மறிச்சு வெச்ச நீங்க? இருவது நிமிசமாம். சனம் எல்லாம் சொல்லுது."

"கழுவத்தான் தங்கச்சி. கழுவாட்டி..."

"கழுவி என்ன? கண் போச்சுதானே."

வைத்தியர் சொன்னதை நான் சொல்லியிருக்கலாம். அந்த முற்றத்தில் இருந்துகொண்டு, உன் புருசனின் ஒரு கண்ணைக் காப்பாற்றியவள் நான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கோப்பையைக் கீழே வைத்தேன். அவ அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. பிறகு வெளியே வரவில்லை.

கணவர் தொட்டியை மூடினார். அந்த அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகச் செய்தோம். நுரை பொங்கிப் பொங்கி அடங்க இரண்டு நாள் எடுத்தது. அண்ணனின் வீட்டுச் செலவை அவர் பார்த்துக்கொண்டார்; அதைப் பற்றி என்னிடம் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பட்டறையில் கேட் வேலை மட்டும் நடந்தது. மூன்று மாதம் போனதும் அறுகம்பேயில் இருந்து மறுபடியும் ஆட்கள் கேட்டு வரத் தொடங்கினார்கள். ஒருநாள் சாப்பிட இருக்கும்போது, "கையுறை, முகமூடி, காத்தாடி எல்லாம் போட்டு மறுகாத் தொடங்குவமா எண்டு பாக்கிறன்" என்றார்.

"என்ட வளவுக்குள்ள அசிட் வேணாம்" என்றேன்.

எங்கள் கலியாணத்துக்குப் பிறகு 'என்ட வளவு' என்ற சொல்லை நான் அவரிடம் சொன்னது அன்றுதான். அவர் கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனார். இரண்டு நாள் தேவைக்கு மட்டும் கதைத்தார். மூன்றாம் நாள் அவரே வந்து, "அப்ப என்னதான் செய்யிற?" என்று கேட்டார். கோபமாக இல்லை, களைத்துப்போய்க் கேட்டார்.

"உப்பில செய்யலாம்."

"உப்புத் தண்ணியிலயா? அது ஸ்டெயின்லெஸ்ஸத் திண்டுபோடும் புள்ள. அறுகம்பேயில நடந்தது அதுதானே?"

"தண்ணி இல்ல. உப்பே தண்ணி மாதிரி இருக்கும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. நான் கொப்பி ஒன்றை எடுத்துவந்து கீறிக் காட்டினேன். கறிக்குப் போடும் உப்பில் நேரேற்றத் துணிக்கையும் எதிரேற்றத் துணிக்கையும் செங்கல் அடுக்கியதுபோல இறுக்கமாக அடங்கியிருக்கும். அதை உருக்க அடுப்புத் தீ போதாது. ஆனால் பெரிய, ஒழுங்கில்லாத வடிவமுள்ள துணிக்கைகளால் ஆன உப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு அடுக்கிவைத்தாற்போல் அடங்க முடியாது. இன்னொரு பொருளோடு கலந்துவிட்டால் அறைச் சூட்டிலேயே திரவமாக நிற்கும். அயன் திரவம் என்று சொல்வார்கள். ஏற்றமுள்ள துணிக்கைகள் நிறைந்தது என்பதால் மின்சாரம் அதனூடாகப் போகும். அமிலம் இல்லாமலே உலோகம் கரையும். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி நல்ல புள்ளி எடுத்தவள் நான். அந்தக் கட்டுரை எழுதிய காலத்துக்கும் தொட்டி வந்த நாளுக்கும் இடையில் எத்தனை வருடம் என்று எண்ணிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

தேவைப்பட்டவை இரண்டு. ஒன்று கிளைக்கோல், வாகனத்துக் கூலண்டில் இருப்பது. மற்றது கோலீன் குளோரைட். கோழித் தீவனத்தில் சேர்க்கும் சத்து. தீவனக் கடைக்கு நானே போனேன். "டீச்சர் கோழி வளக்கப் போறீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். ஓம் என்றேன். கொண்டுவந்து கலந்தால் மண்ணிறக் கஞ்சி ஒன்று வந்தது. தீவனக் கடைச் சரக்கில் பாதிக்குக் கிட்ட அரைத்த சோளத் தண்டு என்பதைப் பையின் பின்பக்கம் எழுதியிருந்தார்கள், நான் வாசிக்கவில்லை. கணவர் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "கோழிக்கே குடுப்பம்" என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ மாதம்.

என்னோடு படித்த ஒருத்தி கொழும்பில் ஓர் ஆய்கூடத்தில் இருக்கிறாள். அவள் வழியாகச் சுத்தமான சரக்கு வந்தது. வெள்ளைப் பளிங்கு. எடையில் ஏறக்குறையச் சமமாக எடுத்து, சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கிண்டினேன். அரைமணி நேரத்தில் பளிங்கு முழுவதும் மறைந்து, தேங்காய் எண்ணெய்போலத் தடித்த தெளிந்த திரவம் ஒன்று நின்றது. ஆறின பிறகும் அப்படியே நின்றது. கணவர் குனிந்து மணந்து பார்த்தார். மணம் இல்லை. புகை இல்லை. "இதுவா?" என்றார்.

இதுதான், ஆனால் உடனே சரிவரவில்லை. முதல் தட்டைத் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்தோம்; பளபளப்பாவதற்குப் பதில் பால்போல மங்கியது. வெளியே எடுத்தோம். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் நான் எடுக்கவிடவில்லை. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மேல் ஒரு மெல்லிய ஒட்சைட்டுத் தோல் இருக்கிறது. அமிலம் அதை உடனே அரித்துவிடும், இந்தத் திரவத்துக்கு நேரம் வேண்டும். மங்கியது மங்கியபடியே சில நிமிடம் கிடந்தது. பிறகு ஓரத்தில் இருந்து ஒரு வெளிச்சம் பரவி வந்தது. கணவர் தன் முகத்தை அந்தத் தட்டில் பார்த்தார். நான் என் முகத்தைப் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கவனித்தேன். அமிலத் தொட்டி கொதிக்கிற பானைபோல ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். இது சும்மா கிடந்தது. இடைக்கிடை ஓரிரு குமிழிதான். மின்சாரத்தின் பெரும்பகுதி உலோகத்தைக் கரைக்கவே போகிறது, வாயுவை எழுப்புவதற்கு மிஞ்சவில்லை.

மாரி தொடங்கியதும் வேறொரு கரைச்சல். அந்த உப்புக்குத் தண்ணீரில் ஆசை அதிகம். எங்கள் ஊர்க் காற்று ஈரக் காற்று. இரண்டு நாள் திறந்து கிடந்த திரவம் காற்றில் இருந்து தண்ணீரை இழுத்து இளகிப்போனது. அதில் தொங்கவிட்ட பொருள் எல்லாம் அம்மை விழுந்த தோல்போலப் புள்ளி புள்ளியாக வந்தது. இறுக்கமான மூடி செய்தோம். வேலைக்கு முதல் சூடாக்கி ஈரத்தைப் போக்கினோம். அதன் பிறகும் இது அமிலத்தைவிட மெதுவானது, செலவு கூடியது. பெரிய சாமான்களுக்குக் கட்டாது. கணவர் அவற்றை வேண்டாம் என்று திருப்பி அனுப்பப் பழகிக்கொண்டார்.

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. இது தீங்கே இல்லாத திரவம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, ஆனால் மனதுக்குள் கொஞ்சம் அப்படி நம்பத் தொடங்கியிருந்தேன். திரவம் தடிப்பானது, தூக்கிய பொருளோடு ஒட்டிக்கொண்டு கழுவும் வாளிக்குப் போகும். கிளைக்கோல் இனிக்கும். ஒரு காலை மாமி வீட்டுப் பூனை எங்கள் வாளிக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தது. அதை வளவின் மூலையில் நானே தோண்டிப் புதைத்தேன். மாமியிடம் போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து கழுவும் வாளிக்கும் பூட்டுள்ள மூடி. கழிவில் குரோமியமும் நிக்கலும் பச்சைப் படிவாக இறங்கும். எங்கள் மண் மணல், ஊற்றியது நேரே கிணற்றுக்குப் போகும். ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. பீப்பாய்களில் அடைத்து எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். அவற்றை எங்கே ஒப்படைப்பது என்று இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அண்ணன் வந்தது அந்த மாரி முடிந்த பிறகு. மனைவியும் கூட வந்தா. ஒரு கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. கழுத்துத் தழும்பை மறைக்கக் கொலரைத் தூக்கி விட்டிருந்தார். கணவர் அவரைக் கட்டிப்பிடித்துக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். அண்ணன் தொட்டிக்கு மூன்றடி தள்ளி நின்றார். அதற்கு மேல் கால் நகரவில்லை.

"இது தெறிச்சா என்ன டீச்சர்?"

"கண்ணில பட்டா எரியும், கழுவத்தான் வேணும். அசிட் மாதிரித் தின்னாது. ஆனா குடிச்சா மௌத்துதான்."

அவர் தலையாட்டினார். "எனக்கு வேற வேலை ஒண்டும் சரிவருகுதில்ல மச்சான். வீட்டில இரிக்கேலாம இருக்கு" என்று கணவரைப் பார்த்துச் சொன்னார்.

அவர்கள் இருவரும் அங்கே நிற்க, நான் அவருடைய மனைவியை வீட்டுக்குள் கூட்டிவந்தேன். அவ இருக்கவில்லை. நின்றபடியே கதைத்தா.

"போன மாதம் கிளினிக்கில டொக்டர் சொன்னார். தண்ணி வாத்தபடியாத்தான் மற்றக் கண் இரிக்குதாம். அத நீங்க அண்டைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாமே டீச்சர்? நான் உங்களை எவ்வளவு ஏசின."

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் எல்லாம் இலகுவாக முடிந்திருக்கும். அவ எனக்கு நன்றி சொல்லியிருப்பா, நான் பரவாயில்லை என்றிருப்பேன். அவவின் முகத்தைப் பார்த்ததும் என்னால் அப்படிச் செய்ய முடியவில்லை.

"தங்கச்சி, ஏசினது பிழை இல்ல. அந்தத் தொட்டி வந்த அண்டைக்கே அது என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியும். நான் படிப்பிக்கிறதே அதத்தான். கண்ணாடி ஆணியில தொங்கினதையும் பாத்த நான். ஒரு நாளும் கதைக்கல்ல."

வெளியே கணவரும் அண்ணனும் ஏதோ கதைப்பது கேட்டது.

"தெரிஞ்சுகொண்டா இரிந்த நீங்க?"

"ஓம்."

அவ வாசலுக்குத் திரும்பினா. வெளியே போய், "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அண்ணனைக் கூப்பிட்டா. போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் சொன்னாய் என்று கணவர் கேட்டார். அவர் குரலில் குறை இருந்தது. சொல்லாமல் இருந்து பார்த்தாகிவிட்டது என்றேன். அதற்குப் பிறகு அவர் கட்டிலில் போய் இருந்தார். "எனக்கும் தெரியும்தானே புள்ள" என்றார் கடைசியில். ஒன்பது வருடம் கட்டாரில் அதே வேலைக்கு அவர் கண்ணாடி போட்டிருக்கிறார். போடாதவனை அங்கே வாசலோடு திருப்பி அனுப்புவார்களாம். அன்று அஸர் தொழுதுவிட்டுப் பாயில் இருந்து அவர் எழும்பவே இல்லை. பொழுது மறைந்து மஃரிப் பாங்கு கேட்கும் வரை அப்படியே இருந்தார்.

இனி அவர்கள் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். ஒரு மாதம் கழித்து அண்ணன் தனியாக வந்தார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றாமல் கதைத்தார்.

"அவ வேலைக்குப் போகச் சொல்லிட்டா டீச்சர். ஒரு வாக்கு மட்டும் கேட்டா."

"என்னவாம்?"

"தொட்டியில கரண்ட் போடக்குள்ள நீங்க நிக்கணுமாம். டீச்சர் பக்கத்தில நிண்டாத்தான் நான் தொடணும் எண்டிட்டா."

நான் கணவரைப் பார்த்தேன். நான் பாடசாலை விட்டு வந்து ளுஹர் தொழுது சாப்பிட இரண்டரை மணியாகும். மஃரிபுக்கு முதல் அண்ணன் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒரு நாளின் அரைவாசி வேலை போய்விடும். கணவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சரி மச்சான்" என்றார்.

அப்படித்தான் மூன்று வருடமாக நடக்கிறது. தொட்டி பின்னேரத்தில் மட்டும் ஓடும். எனக்குக் காய்ச்சல் என்றால் ஓடாது. பரீட்சைக் கடமை என்றால் ஓடாது. நோன்பு நாட்களிலும் நான் அங்கேதான் நிற்பேன். கண்ணாடி இல்லாமல் ஒருவரும் கொட்டில் வாசலைத் தாண்டுவதில்லை, நானும்தான். கொளுக்கிகளை ஒவ்வொரு வெள்ளியும் மாற்றுகிறோம், தேய்ந்தாலும் தேயாவிட்டாலும். இந்தத் திரவத்தில் குமிழி அதிகம் எழும்பாததால் அண்ணனுக்குப் பழைய கணக்கு உதவவில்லை. மிச்சமிருக்கும் கண்ணால் ஓரத்தில் வெளிச்சம் தொடங்கும் இடத்தைப் பார்த்து நேரம் பிடிக்கப் பழகிவிட்டார். முதல் வருடம் மூன்றடி தள்ளி நின்று நீளக் குறட்டால்தான் தூக்கினார். இப்போது கிட்டப் போவார். நான் மறிப்பேன், சிரித்துக்கொண்டு ஓர் அடி பின்னுக்கு வைப்பார்.

அவருடைய மனைவி அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. பெருநாளைக்கு நான் அனுப்பும் சாப்பாடு போகும். தைப்பொங்கலுக்கு அங்கிருந்து பொங்கல் வரும். நேரே கதைப்பது இல்லை. ஆனால் தொட்டி ஓடும் ஒவ்வொரு நாளும் இரண்டரை மணிக்கு என் போன் அடிக்கும்.

"தொடங்கிட்டீங்களா டீச்சர்?"

"ஓம் தங்கச்சி. பக்கத்திலதான் நிக்கிறன்."

"சரி."

வேலை முடிந்து கரண்டை நிறுத்தியதும் நான் எடுத்துச் சொல்வேன், முடிஞ்சுது என்று. அவ அதற்கும் சரி என்பா. இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் வேறு எதுவும் கதைத்ததில்லை.